காதர் பாட்சாவின் ரெட்டைச் சைக்கிள்

காரைக்காலில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டு சீட்டும் இரண்டு ஜோடி பெடலும் வைத்த நீளச் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது காதர் பாட்சாவுடையது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன அடுத்த வருஷம், அவர் சைகோனிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கப்பலில் கூடவே வந்தது. கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்து இறக்குவார்கள். இந்த மனிதர் ஐம்பது வயதுக்குமேல், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் உட்கார்ந்து மிதிக்கிற வண்டியைக் கொண்டுவந்தார். பின்னால் உட்காரத்தான் ஆள் இல்லை.

வந்து தங்கியது மனைவி ரோஷன் பேகத்தின் வீட்டில். தன் வீடு என்று அவர் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தத் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். பெண் பேருக்கு வீட்டை எழுதி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொள்வார்கள். கல்யாணமான மறுவருஷம் சைகோன் துணிக்கடைக்குப் போனவர், நடுவில் இரண்டு முறை வந்து தலையைக் காட்டினார். அப்புறம் உலகச் சண்டை, கப்பல் இல்லை என்று காரணங்கள். சண்டை முடிந்தது, காரணங்கள் முடியவில்லை. பிள்ளையும் கிடையாது. ரோஷன் பேகம் தனியாக இருந்தே பழகிப் போனாள். திரும்பி வந்தவருக்கு வேளை தவறாமல் ஆக்கிப் போட்டாள், துணி வெளுத்துப் போட்டாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மற்றபடியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சோறு எடுத்து வச்சிருக்கு” என்பாள், சோறு தானாக நடந்து வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி.

கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் மையவாடியில் அடங்கிவிட்டார்கள், மீதிப் பேர் பினாங்கில் இருந்தார்கள். பள்ளிவாசலில் சலாம் சொன்னால் பதில் சலாம் கிடைத்தது, அதோடு சரி. பேச ஆளில்லாத மனிதருக்குப் பொழுது எப்படிப் போகும்? காதர் பாட்சா சைக்கிளை எடுத்தார். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கைலியோடு தெருவைக் கடப்பார். அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் கைலியை அவிழ்த்து மடித்துப் பையில் திணித்துவிட்டு, உள்ளே போட்டிருக்கும் அரைக்கால் சட்டையோடு மிதிப்பார். ஊருக்கு அது தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். ஊருக்கு எல்லாம் தெரியும்.

பாலம் இறங்கி நிரவிப் பக்கம் வயல் வரப்பை ஒட்டிய வண்டிப்பாதை. அது முடிகிற இடத்தில் சவுக்குத் தோப்பு. மணலில் சக்கரம் புதையும், இறங்கித் தள்ளவேண்டும். தோப்பைத் தாண்டினால் கருக்களாச்சேரிக் குப்பம். அங்கிருந்து திரும்புகாலில் கழிக்கரை. கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து ஏரி மாதிரி விரிந்து கிடக்கும் அந்த உப்பங்கழியை ஓரமாகவே சுற்றிக்கொண்டு வந்தால் மறுபடி பாலம். கழியின் வடக்கு மூலையில் யாரும் வலை போடக்கூடாது, பறவையை அடிக்கக்கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. மீன்குஞ்சு வளர்கிற இடம், பறவை இருந்தால்தான் அது விளங்கும் என்பார்கள். வெள்ளைக்காரத் துரைகள் வாத்து சுட வந்த காலத்திலும் குப்பத்தார் படகு தர மறுத்தார்களாம். அந்த மூலைக்கு வந்தால் காதர் பாட்சா இறங்கி, சங்கிலிச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்துபோவார். செங்கால் நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமுமாகக் கரை நிறைந்து கிடக்கும். பார்த்து முடித்தபின், ‘பார்த்தியா’ என்று சொல்லத் திரும்புவார். பின் சீட்டில் பனி இறங்கியிருக்கும். அந்த ஒரு நொடிதான் அவரால் தாங்க முடியாதது.

துணைக்கு ஆள் தேடிப் பார்க்காமல் இல்லை. பக்கத்து வீட்டுக் காஜா மைதீனை ஒருநாள் ஏற்றினார். அண்ணன் முறைக்காரரை அங்கே நானா என்பார்கள். காஜா மைதீனுக்குக் காதர் பாட்சா நானா. காஜா மைதீன் ஏறி உட்கார்ந்து, காலைப் பெடலில் வைக்காமல் இரண்டு பக்கமும் அகட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, பிறந்த நாள் முதல் நடந்த கதையெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பாலத்து ஏற்றத்தில் காதர் பாட்சாவுக்கு மூச்சு முட்டியது.

“காஜா, நீயும் மிதிக்கணும்.”

“என்ன நானா, நான் மிதிக்கிறதா? பின்னால உக்காந்தவன் எந்த ஊர்ல மிதிச்சான்?”

அதோடு அந்தத் துணை முடிந்தது. ஆனால் அவர் மனசில் இருந்த துணை காஜா மைதீன் இல்லை. ரோஷன் பேகம் ஒருமுறை வரவேண்டும், அந்த மூலையில் பக்கத்தில் நின்று பறவைகளைப் பார்க்கவேண்டும், வீட்டில் பேசாததை அங்கேயாவது பேசவேண்டும். இவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இவ்வளவுதான் என்று நாம் சொல்லலாம், கேட்பதற்கு அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. கேட்ட அன்று அவள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த மாதம் கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார். தை மாதத்துக் காலை ஒன்றில் அவர் கிளம்பும்போது, வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

“நானும் வர்றேன். ஊர் முழிக்கிறதுக்குள்ள போயிடுங்க.”

காதர் பாட்சா சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தார். துப்பட்டி சங்கிலியில் மாட்டாமல் சுருட்டி இடுப்பில் செருகச் சொன்னார். அவள் ஏறி உட்கார்ந்தாள். பெடல் மேலே வரும்போது கால் பட்டது, கீழே போனதும் நழுவியது. அவள் குட்டை. அந்தச் சீட்டு அவளுக்கு நாலு விரல் உயரம்.

பாலம் தாண்டினார்கள். சவுக்குத் தோப்பு மணலில் இறங்கித் தள்ளினார்கள். வடக்கு மூலையில் இறங்கியபோது கிழக்கு வெளுத்திருந்தது. பறவைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவள் துப்பட்டியை நெற்றிக்குமேல் ஒதுக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், இந்தக் கழியை அவள் பார்த்ததேயில்லை. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. காதர் பாட்சாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அந்தச் சிரிப்பு மாறாமலே அவள் கேட்டாள்.

“அந்தச் சீட்டு யாரு உசரத்துக்கு?”

ஸ்பானர் பையிலேயே இருந்தது. மாசக்கணக்காகக் கூப்பிட்டவருக்குச் சீட்டை இறக்கி வைக்கத் தோன்றவில்லை. மறதி என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

“பேரு லான்” என்றார். “அங்கே என்கூட இருந்தா. பதினஞ்சு பதினாறு வருஷம்.”

“தெரியும். சைகோன் போன எந்த ஆம்பிளையோட பொண்டாட்டிக்குத் தெரியாது?” அவள் பறவைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “மவுத்தாயிட்டாளா?”

“இல்லே. இருக்கா. கூப்பிட்டேன், கடல் தாண்டி வரமாட்டேன்னுட்டா. அவ வராட்டியும் இது வரட்டும்னு சைக்கிளை ஏத்திட்டேன்.”

“வந்திருந்தா?”

காதர் பாட்சா பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

“வந்திருந்தா, என் வீட்டு வாசலை மிதிச்சிருப்பீங்களா? இல்லே, கப்பல் இறங்கின பாண்டிச்சேரியிலேயே எங்காவது குடி வச்சிருப்பீங்களா?”

இந்த மனிதருக்கு அந்த இடத்தில் ஒரு பொய் வந்து தொலைத்திருக்கக் கூடாதா? துணிக்கடையில் வருஷக்கணக்காகச் சாயம் போகாது, சாயம் போகாது என்று சத்தியம் பண்ணி விற்றவர். அன்றைக்கு மட்டும் வாய் ஒட்டிக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதுவே பதிலாகிவிட்டது.

“ஒரு பொய் சொல்லியிருக்கலாம்” என்றாள் ரோஷன் பேகம். “நம்பணும்னுதான் கிளம்பி வந்தேன்.”

திரும்புகாலில் அவள் காலைப் பெடலில் வைக்கவில்லை. அவர் ஒருவராகவே இரண்டு பேரையும் மிதித்துக்கொண்டு வீடு சேர்ந்தார்.

அன்று மதியமே சீட்டை இறக்கினார். துரு ஏறியிருந்தது, மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித்தான் இறக்க முடிந்தது. அவள் வாசலுக்கு வந்தபோது கண்ணில் பட்டிருக்கும். மறுபடி ஏற வரவில்லை. அவர் மறுபடி தனியாகவே கழியைச் சுற்றினார். நாரைகள் போயின, மறுவருஷம் வந்தன. அவள் சமைத்துப் போட்டாள். அவர் காய்ச்சலில் படுத்தபோது ராவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டாள். எழுந்து நடமாட ஆரம்பித்தபோது காதர் பாட்சாவுக்குள் ஏதோ புரண்டுவிட்டிருந்தது. கழிக்கரையில் அவர் இப்போது ‘பார்த்தியா’ என்று திரும்பினால் மனசில் நிற்பது ரோஷன்தான். எப்போது மாறியது என்று அவருக்கே சொல்லத் தெரியாது. லானின் முகம்கூடச் சட்டென்று வரவில்லை.

ஒருநாள் வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு வந்து, சைக்கிளைச் சாத்தியதும் நேரே அடுப்படிக்குப் போனார். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ரோஷன், இப்ப அவளே கப்பலேறி வந்து நின்னாலும் நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன்.”

அவள் அரிவாள்மணையில் மீனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“அன்னிக்கு அது பொய்யா இருந்திருக்கும்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு நெஜம். அல்லா மேல ஆணையா நெஜம்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஊர் திரும்பியதிலிருந்து அப்படி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“அது எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?”

கோபத்தில் கேட்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ள வழி ஏதாவது இருந்தால் தேவலையே என்றுதான் கேட்டாள். காதர் பாட்சா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அவள் காத்திருந்தாள். அவருக்கு ஒரு வழியும் தெரியவில்லை.