கூப்பிடக் கூடாத பெயர்

குன்மனாராவுக்கு அடுத்தவர் கதை என்றால் உயிர். பாலைவனத்தின் நடுவே நிற்கும் உலுருப் பாறையடியில், கைவினைக் கடை வாசல் மணலில் உட்கார்ந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தில் செதுக்கிய பல்லிகளின் முதுகில் கோலம் சுடுவது அவள் தொழில். கை பல்லிமேல் இருக்கும். காது வந்தவர்கள் வாயில் இருக்கும்.

குன்மனாரா அவள் சொந்தப் பெயரல்ல. அவளுடைய சொந்தப் பெயரே கொண்ட இன்னொருத்தி போன கோடையில் அமாட்டா கிராமத்தில் இறந்துபோனாள். இறந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லோருக்கும் துக்கம் ஆறும்வரை குன்மனாரா என்ற மாற்றுப் பெயர்தான். நானும் அவள் சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யார் பேச்சு வாங்குவது?

அன்று பஸ்ஸில் வந்த ஸ்காட்லாந்துப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கடைக்குள் நுழைந்து அந்தப் பெயரையே பளிச்சென்று சொல்லி, "அவங்களப் பாக்கணும்" என்றாள். கல்லாவிலிருந்த ரெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்படி யாரும் இங்க இல்ல."

பஸ் புறப்படும் நேரம். அந்தப் பெண் கண் கலங்க வெளியே வந்து மணலில் உட்கார்ந்தாள். குன்மனாராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன்னை எதற்கு இவள் தேட வேண்டும்?

"ஏம்மா, பேரச் சொல்லாத. எதுக்குத் தேடுற, அத மட்டும் சொல்லு."

"நான் வயித்துல இருக்கறப்ப எங்கம்மா இங்க வந்தாங்க. நான் தேடுறவங்கதான், மண்ணுக்கடியில வயித்துல தேன் வச்சிருக்கற தேனெறும்பு தோண்டக் கூட்டிட்டுப் போனாங்களாம். ஒரு தடவையாவது பாத்துட்டு வான்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க."

குன்மனாரா கம்பியைக் கீழே வைத்தாள். "உங்கம்மா எங்க தோண்டினா? கடப்பாரையக் கால்ல போட்டுக்கிட்டு ஊரக் கூட்டினா."

அந்தப் பெண் திகைத்துப் பார்த்தாள். "நீங்களா? அப்ப ஏன் இல்லன்னாங்க?"

"அவ பொய் சொல்லல. அந்தப் பேருல இப்ப யாரும் இல்ல," என்று அந்தச் சாவையும் மாற்றுப் பெயரையும் குன்மனாரா விளக்கினாள்.

 அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா எனக்கு உங்க பேரத்தான் வச்சாங்க."

  குன்மனாரா சுட்டு முடிக்காத பல்லியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

பஸ் ஹாரன் அடித்தது. எல்லாவற்றையும் கேட்டபடி நின்ற ரெனிட்டா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"குன்மனாரா, பஸ் கிளம்புது."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"உன்ன இல்லக்கா," என்றாள் ரெனிட்டா. "அவள."