சங்கிலிப்பாண்டி மாஸ்டரின் இடது கால்

சுள்ளிக்கல்லில் நஜ்முதீன் ஓட்டலின் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்பவர் சங்கிலிப்பாண்டி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கொச்சிக்கு வந்து பாதி ஆயுள் ஆகிறது. குடியிருப்பது மட்டாஞ்சேரியில் ஒரு லைன் வீட்டில். தமிழர்களைக் கேலியாகப் 'பாண்டி' என்று கூப்பிடும் பழக்கம் இங்கே சிலருக்கு உண்டு. இவரை அவமானப்படுத்த நினைத்தவர்கள் இவருடைய பெயரைச் சொன்னதோடு நிற்க வேண்டியதாயிற்று. இவரும் "என்னா சேட்டா" என்று திரும்பிப் பார்த்து, இன்னும் இரண்டு பரோட்டாவைக் கல்லில் போடுவார்.

ஆனால் இந்த வரலாற்றில் முக்கியமானது அவருடைய இடது கால். இடுப்பிலிருந்தே சூம்பியது. இடது கையைத் தொடையில் ஊன்றி, ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து எடுத்துத்தான் நடப்பார். முன்பெல்லாம் தெருவுக்கு ஒருவராவது அப்படி நடந்தார்கள். ஊர் ஊராக, நாடு நாடாகக் கோடிக்கணக்கான குழந்தைகளின் நாக்கில் சொட்டு மருந்து விட்டு, உலகம் அந்த நடையை உற்பத்தி செய்வதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஓட்டலுக்கு வரும் இளவட்டங்கள் பைக்கிலிருந்து விழுந்தீர்களா என்று அக்கறையோடு விசாரிக்கிறார்கள். போலியோ என்றால் அவர்களுக்கு ஏதோ விளம்பரம். கடைசிச் சரக்கில் மிஞ்சியவர் என்கிற முறையில் மாஸ்டர் அதை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்.

கால் போன கதையை மாவு பிசையும்போது சொல்வார். சிறு வயதில் கம்பவுண்டர் ஓர் ஊசி போட்டார். விடிந்து பார்த்தால் கால் தொங்கிவிட்டது. கதை அவ்வளவுதான். அதிலிருந்து அவர் இயற்றிய சட்டமும் சுருக்கமானது: சொட்டு நல்லது, ஊசி ஆகாது.

சட்டம் அவர் மகள் இசக்கிசெல்வியின் மேல் கண்டிப்பாக அமலானது. போலியோ ஞாயிறு வந்தால் படகுத்துறைப் பந்தலில் முதல் ஆளாக வாயைத் திறப்பது அவள்தான். ஒருமுறை மாஸ்டர் அவள் சுண்டுவிரல் மையைத் தேங்காயெண்ணெயால் துடைத்து, கள்ள ஓட்டுக்காரர்களின் வழியில், பள்ளுருத்திப் பந்தலிலும் இரண்டு சொட்டு வாங்கினார். எல்லா நோய்க்கும் அதுவே காணும் என்பது அவர் கணக்கு. ஊசி என்று யாராவது வாயெடுத்தால் மகளின் மை விரலைப் பிடித்துக் காட்டுவார். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் சஃபியாவுக்கு அந்த விரல் நன்றாகத் தெரியும். பிறந்த அன்று அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைக்குப் போட்ட ஊசியைப் பற்றி மாஸ்டரின் மனைவி அமுதவள்ளி அவரிடம் மூச்சு விடவில்லை.

இசக்கிசெல்விக்கு அப்பாவின் நடை மிகவும் பிடிக்கும். அவரோடு கடைக்குப் போகும்போது தானும் தொடையில் கையை ஊன்றி, சாய்ந்து சாய்ந்தே நடப்பாள்.

பக்கத்து வீட்டு ரஃபீனாவின் மகன் ஷமீலும் அவளும் ஒரே வயது. மாஸ்டர் குடும்பம் ஊரிலிருந்து திரும்பிய அன்று ஷமீலுக்கு மூக்கொழுகிக் கொண்டிருந்தது. வெறும் சளி என்று நினைத்தார்கள். இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டன. மறுநாள் பையனின் முகமெல்லாம் சிவந்து பொரிந்தது. அதற்கடுத்த நாள் காலையில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் தட்டம்மை என்றார்கள். நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று ஆக்சிஜன் வைத்தார்கள். ரஃபீனா பையனுக்கு ஊசி போடவில்லை. மாஸ்டரின் கதையைச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டுத்தான் தள்ளிப்போட்டு வந்திருந்தாள். ஆட்டோவில் ஏறும்போது அவள் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மதியம் சஃபியா வந்தாள். இம்முறை விரலைப் பார்க்கவில்லை.

"அண்ணே, முந்தாநாள்தான ரெண்டும் சேந்து இருந்துச்சு? இன்னைக்குக் குத்திவெப்பு, அதான் தடுப்பூசி, போட்டா இவளுக்கு வராமத் தடுக்க ஒரு வழி இருக்கு. நாள் தள்ளுனா எங்கையில ஒண்ணுமில்ல."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சின்ன வயசுல எனக்குக் கம்பவுண்டர் ஒரு ஊசி..."

"முன்னாடி இருந்து சொல்லுங்க," என்றாள் அமுதவள்ளி. அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"முன்னாடி என்ன இருக்கு?"

"கம்பவுண்டர் வீடு தேடி வந்தா குத்துனாரு? எதுக்குத் தூக்கிட்டுப் போனாக உங்கள?"

"காச்சலு."

"காச்சல்லயே நிக்க மாட்டாமத் துவண்டு விழுந்தீகளாம். அதப் பாத்துதான் தூக்கிட்டு ஓடுனாகளாம். உங்க அம்மா எங்கிட்டச் சொல்லியிருக்காக. கால் முன்னாடியே போயிருச்சு. ஊசி பின்னாடி வந்து பேர வாங்கிக்கிச்சு."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டாத்தான? கதைய முடிச்சுட்டுக் கெளம்பிருவீக."

மாஸ்டர் வாசலுக்குப் போய் நின்றார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. படியில் ஷமீலின் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கக் குனிந்தவர், வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

அன்று மாலை நஜ்முதீன் ஓட்டலில் பரோட்டா இல்லை.

சுகாதார நிலையத்தில் இசக்கிசெல்வி வழக்கம்போல வாயை அகலத் திறந்து உட்கார்ந்தாள். நர்ஸ் அவளுடைய சட்டைக் கையை மேலே ஏற்றினார். குழந்தையின் கையை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொன்னார். அவரோ அவள் காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு காலையும். கையை அமுதவள்ளி பிடித்தாள். ஊசி இறங்கியது, பிள்ளை அலறினாள், மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்லிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் மகளின் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். பாதத்தை அமுக்கினார். மாவுப் பதம் தெரிந்த விரல்கள். எங்கேயாவது இளகியிருக்கிறதா என்று தேடின. அழுது முடித்த பிள்ளை அவர் மடியிலிருந்து நழுவி இறங்கி, கதவை நோக்கி நடந்தாள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இடது கால் இழுபட்டது.

மாஸ்டரால் எழுந்திருக்க முடியவில்லை. கூட வந்திருந்த சஃபியா பதறி எழுந்தாள்.

அமுதவள்ளி மட்டும் பார்த்தாள், பிள்ளையின் கை தொடையில் ஊன்றியிருந்ததை.

"ஏட்டி, அப்பா மாதிரி நடந்தது போதும். ஒழுங்கா நட."

இசக்கிசெல்வி திரும்பிச் சிரித்தாள். கையை எடுத்துவிட்டு, இரண்டு காலும் தரையில் தடதடக்க வாசலுக்கு ஓடினாள். வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து ஓட, அதன் பின்னாலும் ஓடினாள்.

மாஸ்டர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சஃபியா வேறு பக்கம் பார்த்தாள்.

வெளியே வந்ததும் மாஸ்டர் ஆட்டோவை நிறுத்தி, வீட்டுக்கு வேண்டாம், ஷமீல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் என்றார். பையனுக்கு ஆக்சிஜனை இன்னும் எடுக்கவில்லை என்று சஃபியா சொல்லியிருந்தாள். பிள்ளை நடுவில் உட்கார்ந்து தூங்கி விழுந்தாள்.

"ரஃபீனாகிட்ட என்ன சொல்லப் போறீக?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

மாஸ்டர் சூம்பிய தொடையின் மேல் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வந்தார்.

"காச்சல்ல இருந்து ஆரம்பிக்கணும்," என்றார்.