டிபன் டப்பா திறக்கத் தெரியாதவள்

என் மகளுக்கு மூன்றரை வயதுவரை இரண்டு கைகள் இருந்தன என்பதற்குப் புகைப்படங்கள்தாம் சாட்சி. அவற்றை அவள் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. செருப்பு மாட்ட, பொத்தான் போட, வாழைப்பழம் உரிக்க, மூக்கைத் துடைக்க, எல்லாவற்றுக்கும் வீட்டில் வேறு இரண்டு கைகள் தயாராக இருந்தன. அவை என் மாமனாருடைய கைகள்.

அவருக்கு ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் விதைக்கடை. மாமியார் என் திருமணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். நான் தினமும் பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகிறவள். என் கணவர் ஊரிலேயே கால்நடைக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர். ஆகவே பகல் முழுவதும் மகள் தாத்தாவோடு கடையில்தான் இருப்பாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு ஸ்டூல். அவர் வலது கையால் தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டே, இடது கையால் வந்தவருக்கு விதை மூட்டையைக் காட்டுவார். "ஆ காட்டு" என்றால் போதும், இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாயைத் திறப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நற்கருணை வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு பக்தியாக வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடுகிறது, எனக்கு ஒரு வேலை மிச்சம். யார் கையால் சாப்பிட்டால் என்ன?

எல்கேஜியில் சேர்ப்பதற்காக கான்வென்ட் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதுதான் விஷயம் வெடித்தது. நான் அவளை நன்றாகத் தயார்செய்து வைத்திருந்தேன். ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பாள். கலர் சொல்வாள், பழம் சொல்வாள். புள்ளி வைத்த எழுத்து நோட்டில் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்திருந்தேன். கையைப் பிடித்தது நான், எழுதியதும் நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாமனார் தேய்த்த வேட்டியோடு, ஆசி வாங்க வருகிறவர்போல் கூடவே வந்திருந்தார்.

சேர்க்கையைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஏ-யும் கேட்கவில்லை, இசட்டும் கேட்கவில்லை. ஒரு டிபன் டப்பாவை மேஜைமேல் வைத்தார். குலுக்கிக் காட்டினார், உள்ளே ஏதோ ஓசை கேட்டது.

"தொறந்து உள்ள என்ன இருக்குன்னு பாரு செல்லம்."

என் மகள் டப்பாவைப் பார்த்தாள். எடுத்தாள். திரும்பித் தாத்தாவிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாயை அகலமாகத் திறந்தாள்.

மாமனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். விரல் மூடியின் கிளிப்பில் இருந்தது.

"தாத்தா, நீங்க உட்காருங்க. உங்களுக்கு இங்க அட்மிஷன் இல்ல" என்றார் சிஸ்டர்.

அடுத்து ஒரு கலர் பென்சிலைக் கொடுத்தார். அதை அவள் உலக்கை பிடிப்பதுபோல முழுக் கையால் பிடித்து, காகிதத்தை ஒரு குத்து குத்தினாள். முனை உடைந்தது. "வீட்ல 'அ' எழுதுவா சிஸ்டர்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"எழுத்த நாங்க பாத்துக்குறோம்மா. பென்சில் பிடிக்க விரல்ல பலம் வேணும்ல? துணி கிளிப்ப அமுக்கட்டும், மாவு உருட்டட்டும், பேப்பர் கிழிக்கட்டும், பயறு உரிக்கட்டும். நோட்ட எடுத்துப் பரண்ல போடுங்க. சீட் உண்டு. ஆனா ஒண்ணு, மதியச் சாப்பாட்ட அவளே தொறந்து அவளே சாப்பிடணும். இத்தன பிள்ளைங்களுக்கு யாரு ஊட்டுறது? போன வருஷம் ஒரு குழந்த டப்பாவ மூடுனது மூடுனபடியே வீட்டுக்குக் கொண்டுபோயிக்கிட்டு இருந்துச்சு. எங்களுக்கே பாவமா இருந்துச்சு."

அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் மூடிய டப்பாவும் பசித்த பிள்ளையும் கண்ணில் நின்றன. அந்தப் பிள்ளைக்கு என் மகளின் முகம். அவள் பசியோடு ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், நான் தஞ்சாவூரில் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜூனுக்குள் இவள் சாப்பிடக் கற்றுக்கொண்டே ஆகவேண்டும். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். இனிமேல் அவள் வேலையை அவளே செய்வாள். யாரும் கை வைக்கக் கூடாது. என் கணவர் தலையாட்டிவிட்டு, "கன்னுக்குட்டியெல்லாம் பொறந்த கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சு மடிய தேடுது" என்றார். அவருக்கு உலகத்தில் எந்தச் சந்தேகத்துக்கும் கன்றுக்குட்டியிடம் பதில் இருக்கும். கல்யாணமான புதிதில் எனக்குச் சளி பிடித்தபோதும் இப்படித்தான் ஏதோ சொன்னார்.

சப்பாத்தி மாவைக் கொடுத்து உருட்டச் சொன்னேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கோலிக்குண்டுபோல வரிசையாக உருண்டைகள். குழந்தை கையில் மாவே ஒட்டியிருக்கவில்லை. தாத்தா கையில் மணிக்கட்டுவரை மாவு. கொடியில் துணி கிளிப் மாட்டச் சொன்னால் அவர் அமுக்கிப் பிடிப்பார், இவள் விரலை மேலே வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்ப்பாள். அவித்த முட்டையை உரிக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வழவழவென்று உரித்த முட்டை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் துவைக்க எடுத்த மாமனாரின் சட்டைப் பையில் அத்தனை ஓடும் இருந்தது.

சம்பா அறுத்த வயல்களில் பயறு எடுக்கும் நேரம் அது. கடைக்கு வருகிறவர் ஒருவர் ஒரு பை நிறையப் பச்சைக் காயாகவே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தாத்தாவையும் பேத்தியையும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மகளின் கிண்ணம் நிறைந்துவிட்டது. அவர் கிண்ணத்தில் ஒரு மணி இல்லை.

"மாமா, ஸ்கூலுக்குப் போறது நீங்களா, அவளா?"

"ஏம்மா கோவிச்சுக்குற? பிஞ்சு வெரலு. காயப் பிளக்குறதுக்குள்ள செவந்து போவுது."

"செவக்கட்டும். அங்க பட்டினி கெடந்தா பரவால்லையா?"

அவர் முகம் வாடிவிட்டது. பயற்றங்காய் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "அவளே எல்லாம் பண்ணிக்கிட்டா எனக்கு என்னம்மா வேல?" என்றார். நான் நிறைந்த கிண்ணத்தை அவர் முன்னும் காலிக் கிண்ணத்தை அவள் முன்னும் மாற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்படியே சித்திரை போய் வைகாசி வந்தது. மேட்டூரில் தண்ணீர் திறப்பார்கள் என்று பேச்சு கிளம்பியதும் கடையில் கூட்டம் தொடங்கிவிட்டது. குறுவைக்கு விதை வாங்க வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். மாமனாருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. என் சட்டம் செய்யாததை அந்தக் கூட்டம் செய்தது: என் மகளுக்கு எதையும் செய்துகொடுக்க ஆளில்லாமல் போயிற்று. செருப்பைத் தூக்கிக் காட்டினாள், யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றாள், யாரும் எதையும் வைக்கவில்லை. மூடிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனாள்.

அது சனிக்கிழமை. நான் கடையில் ஒத்தாசைக்கு நின்றிருந்தேன். பின்னால் விதை மூட்டைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஒரு ரகம், அதை ஒட்டினாற்போல் இன்னொரு ரகம்.

மூட்டையின் வாய்த் தையலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு நுனிகள் உண்டு. சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழு நூலும் ஒரே ஓட்டமாக உருவிக்கொண்டு வந்துவிடும். தவறான நுனியை இழுத்தால் இறுகிப்போய் உயிரை வாங்கும். எது சரியான நுனி என்று பார்க்கப் பொறுமையில்லாமல் பெரியவர்கள் பிளேடைத் தேடுவார்கள். நானும் அரிசி மூட்டையை அப்படித்தான் பிரிப்பேன்.

முதலில் மழை தூறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு பெரிய சரிவு. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். கணுக்கால்வரை விதைநெல்லில் நின்றுகொண்டிருந்தாள் என் மகள். கழுத்தில் மாலை மாலையாக நூல். கீழ்வரிசையில் இந்த ரகத்திலும் அந்த ரகத்திலுமாக மூட்டைகள் வாயைப் பிளந்து கொட்டிக்கொண்டிருந்தன. தையலோடு சேர்த்துத் தைத்த சான்று அட்டைகளை எடுத்துத் தனியாக அடுக்கி வைத்திருந்தாள். நான் பார்க்கப் பார்க்கவே அடுத்த மூட்டையின் மூலைக்குப் போனாள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, நகக்கண்ணால் நுனியை நெருடிப் பார்த்தாள். இது இல்லை என்று விட்டாள். மறு ஓரத்துக்குப் போய்க் கிள்ளி எடுத்து இழுத்தாள். சர்ரென்று நூல் முழுவதும் வந்துவிட்டது.

கூட்டம் பின்னால் வந்து நின்றது. கலந்துபோன விதை விதையாகாது, அரவைக்குத்தான் போகும். கடைக்கார வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று எல்லோரும் மாமனாரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"இது என்ன ரகங்க?" என்று கீழே கிடந்ததைக் காட்டி ஒருவர் கேட்டார்.

"எம் பேத்தி ரகம்" என்றார் மாமனார். நெல்லின்மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, "தங்கம், இன்னொரு தடவ உருவு, தாத்தா பாக்குறேன்" என்றார்.

நான் திட்டுவதற்காக வாயைத் திறந்தவள்தான். அந்த இரண்டு விரல்களைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கடை நிறைய ஆட்கள் நிற்கிறார்களே என்று கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்னேன். கடைக்குள் தூசிக்குப் பஞ்சமில்லாததால் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு மாமனாரைப் பிடிக்க முடியவில்லை. ரைஸ்மில்லுக்குப் போய் வெறும் சாக்குகளுக்கு வாய் தைத்து வாங்கிவருவார். மில்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. அவள் சாக்கைப் பிரித்தாள். சாக்கிலிருந்து பொத்தானுக்குப் போனாள். கடைக்கு வந்தவர்களின் சட்டைப் பொத்தானைக்கூட விடவில்லை. பிறகு கிளிப், பிறகு டப்பா மூடி. டப்பா திறந்த அன்று மாமனார் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

சோறு மட்டும் லேசில் மசியவில்லை. பிசைவாள், அள்ளுவாள், வாய்வரைக்கும் கொண்டுவருவாள். அங்கே வந்ததும் விரல்கள் விரிந்துவிடும். கட்டைவிரலால் உள்ளே தள்ளவேண்டும் என்பதை எனக்கு விளக்கத் தெரியவில்லை. நான் பிறந்ததிலிருந்து செய்யும் காரியம்தான். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது எனக்கே கை குழம்பி மடியில் சோறு விழுந்தது. மாமனார் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். இவள் ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் அவர் வாய் தானாகத் திறந்து மூடும். வீட்டு எறும்புகள் அந்த வைகாசியில் கொழுத்துப்போயின. ஒருநாள் கட்டைவிரல் தள்ளியது. சோறு உள்ளே போயிற்று. அவள் எங்களைப் பார்த்தாள், நாங்கள் அவளைப் பார்த்தோம். அவள் அடுத்த வாயை எடுத்தாள்.

பள்ளி திறந்த நாள் சாம்பார்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொடுத்தேன். மதியம் அலுவலகத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமனார் போன் செய்து, "இந்நேரம் தொறந்திருப்பா இல்ல?" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் செய்து, "மூடி இறுக்கமா போட்டுட்டியோ?" என்றார். என்னால் உட்கார முடியவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பி, ஊருக்கு வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் போய் நின்றேன்.

அவள் வந்ததும் பையைப் பிடுங்கி டப்பாவைத் திறந்தேன். ஒரு பருக்கை இல்லை. துடைத்து வைத்ததுபோல இருந்தது. நான் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பு மிஸ் வந்தார்.

"உங்க பொண்ணு ஒரு வாய்கூட சாப்பிடலைங்க" என்றார். "பக்கத்துல ஒரு பையன் டப்பாவ தொறக்கத் தெரியாம அழுதுகிட்டு இருந்தான். இவதான் தொறந்து குடுத்தா. அவனுக்குச் சாப்பிடவும் வரல. முழுசையும் அவனுக்கே ஊட்டிட்டா, அவன் டப்பாவையும் சேத்து. நான் பாக்குறதுக்குள்ள காலியாயிருச்சு. பிஸ்கட் குடுத்தேன், அதையும் அவன் வாயில வச்சுட்டா."

எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. எத்தனை மாதப் பாடு! வண்டியில் முன்னால் நிற்க வைத்துக் கிளப்பினேன். கடைத்தெருத் திருப்பத்தில், "அம்மா, பசிக்குது" என்றாள்.

"பசிக்கும்ல? ஏன்டி நீ சாப்பிடல?"

"அவனுக்கு யாருமே ஊட்டலம்மா."

"உனக்கும்தான் யாரும் ஊட்டல."

அவள் கழுத்தைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு பெரிய அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

"எனக்குத்தான் சாப்பிடத் தெரியுமே."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒரு வாழைப்பழம் வாங்கி, உரிக்காமலே அவள் கையில் கொடுத்தேன்.