அந்தப் பக்கம் பிடிங்க

ஜன்னல் கம்பியில் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றி, ஒரு காலை முன்னால் ஊன்றிப் பின்பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார் இசக்கிமுத்து. குழாய் பக்கத்து வீட்டு சிங்காரவேலுடையது. நடுவில் கிழிந்திருந்ததை ஒட்டியாயிற்று. ஒட்டினால் போதுமா, இழுத்துப் பார்க்க வேண்டாமா?

கீரைக் கூடையோடு வாசலுக்கு வந்த வீராயி, கூடையை இறக்காமலே நின்று பார்த்தாள்.

“இன்னாங்க சார், குவார்ட்டர்ஸப் பேத்து எடுத்துகினு ஊருக்குப் போறீங்களா?”

“ஜாயிண்ட் டெஸ்ட் பண்ணுதேன் வீராயி.”

“அதுக்கு ஏன் ஜன்னலு? அந்தப் பக்கம் புடிச்சிக்க வூட்ல ஆளு இல்லீங்களா?”

உள்ளே சமையலறையில் ஒரு பாத்திரம், வைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வைக்கப்பட்டது. வீராயிக்கு விளங்கிவிட்டது. முளைக்கீரைக் கட்டை வாசலிலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

இசக்கிமுத்துவுக்குச் சுரங்கத்தில் பெல்ட் ஒட்டுகிற வேலை. மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஓடுகிற ரப்பர் பெல்ட் எங்கேயாவது கிழியும், சில நாள் அறுந்தே போகும். அப்போது ஜீப் வந்து இவரை அள்ளிக்கொண்டு போகும். உரசுவார், துடைப்பார், சொலூஷன் தடவுவார், காயவிடுவார், மறுபடி தடவுவார். காய்ந்துவிட்டதா என்று புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். “விரல் நுனி அவசரக்குடுக்கை, அது சொல்லுதத நம்பக் கூடாது” என்பார்.

வேலை வீட்டுக்கும் கூடவே வந்தது. அந்தக் குவார்ட்டர்ஸில் ஒட்டுப் போடாத சாமானைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாளியின் அடியில், குடையின் உச்சியில், மகளின் பள்ளிக்கூடப் பையில், எங்கும் கறுப்பாக ஒரு ரப்பர்த் துண்டு இருக்கும். திருநெல்வேலிச் சீமைக்காரர் என்பதால் பிளாக் முழுவதற்கும் அவர் ‘அண்ணாச்சி’. அண்ணாச்சி ஒட்டிய செருப்பு வார் பிய்ந்ததாகச் சரித்திரம் இல்லை. செருப்பு தேய்ந்து மண்ணோடு மண்ணாகப் போன பிறகும் வார் மட்டும் மிஞ்சும்.

ஒட்டி முடித்ததும் ஒரு முனையை எதிரே இருப்பவரிடம் நீட்டி, “அந்தப் பக்கம் பிடிங்க” என்பார். பால்காரர் பிடித்திருக்கிறார், தபால்காரர் பிடித்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருவர், வெற்றிலைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு சைக்கிள் டியூபின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்டு. ஆனால் முக்கால்வாசி நாள் பிடித்தது அவர் மனைவி சுப்புலட்சுமிதான். கல்யாணமாகி வந்த புதிதில் இழுத்த இழுப்புக்கு முன்னால் வந்து விழுந்தவள், பிறகு காலை எப்படி ஊன்ற வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். சில சமயம் இவரையே இழுத்துவிடுவாள்.

அதெல்லாம் தை மாதம் வரைக்கும்.

தையில் சுப்புலட்சுமியின் தம்பிக்குக் கோவில்பட்டியில் கல்யாணம். ஒரே தம்பி. தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்றதை நாத்தனார் போட வேண்டும். அந்த முடிச்சுக்காகவே அவள் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுத்து வைத்திருந்தாள். முதல் நாள் ஷிப்டு முடிந்து நேராக வந்து கூட்டிப் போவதாக இசக்கிமுத்து சொல்லியிருந்தார். டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்து, அதன்மேல் மகளை உட்காரவைத்து, தலை நிறையப் பூவோடு அவள் காத்திருந்தாள். மத்தியானம் பெல்ட் அறுந்துவிட்டது. கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற முகத்தோடு இவர் மறுநாள் காலை வீடு திரும்பிய நேரத்தில், கோவில்பட்டியில் சித்தப்பா மகள் ஒருத்தி நாத்தனார் முடிச்சைப் போட்டு முடித்திருப்பாள்.

“அறுந்தத ஒட்டிட்டீகளா?” என்று கேட்டாள் சுப்புலட்சுமி.

தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் போயிருக்கலாம். இசக்கிமுத்து, “ஒட்டியாச்சு. நல்ல ஜாயிண்ட்” என்று சொன்னார்.

அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். சமையல் நிற்கவில்லை, துவைப்பு நிற்கவில்லை, பேச்சு மட்டும் மகள் சந்திரா வழியாகப் போய்வந்தது. “சந்திரா, உங்க அப்பாட்ட சொல்லு, சோறு வச்சாச்சு.” “சந்திரா, உங்க அம்மாட்ட கேளு, துண்டு எங்கன்னு.” சந்திராவுக்கு ஐந்து வயது. கொண்டுபோகிற சேதியில் தன் பங்காக எதையாவது சேர்க்காமல் விடமாட்டாள். “அப்பா, சோறு வச்சாச்சாம். எனக்குத் தேன்முட்டாய் வாங்கித் தரணுமாம்.” அவள் விளையாடப் போய்விட்டால் வீட்டில் தபால் கிடையாது. இசக்கிமுத்து குளியலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்துவைத்துக்கொண்டு, தெருவில் பாண்டி ஆடுகிற மகளைத் துண்டுக்காகக் கூப்பிட்ட நாளும் உண்டு.

மாசி பிறக்கப் போகிற சமயம், சந்திரா நர்சரிப் பள்ளியிலிருந்து ஒரு உத்தரவோடு வந்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த புது டீச்சர் போட்ட உத்தரவு.

“அப்பா, பதினாலாந் தேதி ஹார்ட் கொண்டுட்டுப் போகணும். கடையில வாங்கக் கூடாது. கையால செய்யணும். எல்லாருக்கும் காட்டிட்டு, வீட்ல ரொம்பப் பிடிச்சவங்களுக்குக் குடுக்கணும்.”

“எதுக்கும்மா?”

“டீச்சர் சொன்னாங்க.”

இசக்கிமுத்து பக்கத்து வீட்டுக்கு ஆலோசனைக்குப் போனார். சிங்காரவேல் அனல்மின் நிலையத்தில் வேலை. ஓய்வு நாளில் ரம்மி. உலக விஷயம் எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு.

“அது வெள்ளக்காரன் ஊரு பொங்கல் வாழ்த்து, அண்ணாச்சி. பிரியமானவங்களுக்குக் குடுப்பாங்க. இந்தாங்க, இதான் வடிவம்.” சீட்டுக்கட்டிலிருந்து, நடுவில் ஒற்றைச் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஆஸை உருவிக் கொடுத்தார். “சீட்டு பத்திரம். இது இல்லாம கட்டு கட்டாவே இருக்காது.”

வீட்டுக்கு வந்ததும், தற்செயலாகக் கேட்பதுபோல் இசக்கிமுத்து மகளிடம் கேட்டார். “யாருக்குக் குடுக்கப் போற?”

“அம்மாவுக்கு.”

“ஏன், அப்பாவ பிடிக்காதா?”

“அம்மாதான பேச மாட்டேங்குறாங்க” என்றாள் சந்திரா, காய்ச்சல் வந்தவருக்குத்தானே மருந்து என்பதுபோல.

இசக்கிமுத்து சீட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். பிறகு எழுந்துபோய்ப் பரண்மேலிருந்த சொலூஷன் டப்பாவை இறக்கினார்.

சிவப்புக்கு என்ன செய்வது? கலர் பேப்பர் வாங்கித்தரச் சொன்ன சந்திராவிடம், அது காற்றில் கிழிந்துவிடும் என்றார். சுரங்கத்தில் ஆபத்து என்று காட்டக் கட்டுகிற சிவப்புக் கொடி ஒன்று நைந்துபோய்க் கழித்துப் போட்டிருந்தார்கள். ஸ்டோர்காரரிடம் கேட்டு அதை வாங்கி வந்தார். மடித்துக் கொண்டுவந்ததை வழியில் சிங்காரவேல் பார்த்துவிட்டார்.

“என்னங்க அண்ணாச்சி, டேஞ்சர் கொடி?”

“ஹார்ட்டுக்கு.”

“யாருக்குக் குடுக்கிறது?”

“வீட்ல அவளுக்கு.”

“அப்பச் சரி” என்றார் சிங்காரவேல்.

பதின்மூன்றாம் தேதி இவருக்கு வார ஓய்வு. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் கூடத்தில் பழைய பேப்பரை விரித்து அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். சீட்டில் இருந்ததைப் பார்த்து, பென்சிலால் பெரிதாக வரைந்தார். முதல் முறை பலாக்கொட்டை மாதிரி வந்தது. இரண்டாம் முறை கத்தரிக்காய். “டீச்சர் இப்பிடி போடல” என்று சந்திரா இரண்டையும் தள்ளிவிட்டாள். மூன்றாவது தேறியது. செருப்புக்கடை அட்டையில் அதேபோல் இரண்டு வெட்டி, வெளிப்பக்கம் கொடித்துணி ஒட்டி, ஒரு ஓரத்தில் துணியையே கீலாக வைத்து இரண்டையும் சேர்த்தார். கதவு போலத் திறந்து மூடலாம். ஒட்டின இடத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி அழுத்த உருளை வேண்டும். சந்திரா ஓடிப்போய்ப் பூரிக்கட்டையை எடுத்து வந்தாள்.

“நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு. அப்பத்தான் காத்து வெளிய போகும்” என்று அவர் காட்ட, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உருட்டினாள்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “சந்திரா, உங்க அப்பாட்ட சொல்லு. ராத்திரி சப்பாத்தி ரப்பர் வாசம் அடிச்சா அதுக்கு நான் பொறுப்பில்ல.”

“அப்பா, சப்பாத்தி அடிக்குமாம்” என்றாள் சந்திரா.

உள்ளே வெள்ளைத் தாளில் படம் வரைய வேண்டும். என்ன படம் என்று அவர் கேட்கவே இல்லை. அவள் வரைய ஆரம்பித்துவிட்டாள். ஒரு பக்கத்தில் தலைப்பாகை வைத்த மாமா. பக்கத்தில் குனிந்த பொண்ணு. பின்னால், எல்லோரையும்விடப் பெரிதாக, மஞ்சள் புடவையில் அம்மா, முடிச்சுப் போட்டுக்கொண்டு. கை சின்னதாகப் போய்விட்டதால் விரல் மட்டும் நீளமாக நீண்டு தாலியைத் தொட்டது.

இசக்கிமுத்து மூக்கை உறிஞ்சினார். சொலூஷன் வாசனை, வேறொன்றுமில்லை.

“மத்தப் பக்கம் நீங்க வரைங்கப்பா. ரயில்.”

அவர் ரயில் வரைந்தார். அது பெல்ட் மாதிரிதான் வந்தது. மேலே கரிக்குப் பதிலாக மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு ஹெல்மெட் இருந்தது. அந்த ஆளின் வாயை வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். கடைசியில் அது திறந்தே இருந்தது, ஏதோ சொல்ல வருவதுபோல.

இரண்டு படத்தாளையும் உள்ளே ஒட்டி, ஓரம் சுருண்டுகொள்ளாமல் இருக்க, இரண்டு பக்கமும் விளிம்பைச் சுற்றி மறுபடி சொலூஷன் தடவினார். “காயட்டும். தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டு, குழாய் என்னவாயிற்று என்று கேட்ட சிங்காரவேலுக்குப் பதில் சொல்ல வெளியே போனார்.

திரும்பி வந்தபோது சந்திரா பூரிக்கட்டையோடு எழுந்து நின்றாள். முகம் பளபளத்தது.

“அப்பா, நான் தொடவே இல்ல. புறங்கையால மட்டும் பாத்தேன். காஞ்சிருச்சு. மூடிட்டேன். நடுவுலேர்ந்து ஓரத்துக்கு உருட்டினேன்.”

இசக்கிமுத்து அதைக் கையில் எடுத்தார். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினார். ஊசி நுழைய இடமில்லை. காற்று இல்லை, சுருக்கம் இல்லை. கல்யாணம் ஒரு பக்கமும் ரயில் ஒரு பக்கமுமாக உள்ளே போய்விட்டன. அவர் கூட வேலை பார்க்கிற ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒட்ட வராது.

“நல்லா ஒட்டியிருக்கேனாப்பா?”

வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, “ரொம்ப நல்லா ஒட்டியிருக்கம்மா” என்றார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் மற்றப் பிள்ளைகளின் காகித ஹார்ட்டுகள் கசங்கின, ஒன்று ஜன்னல் வழியே பறந்தது. சந்திராவின் ஹார்ட்டைக் கீழே போட்டுப் பையன்கள் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். அது அப்படியே இருந்தது. டீச்சர் அதைத் திறக்கப் பார்த்து முடியாமல், அன்று முழுவதும் மேஜைமேல் தாள்கள் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் இசக்கிமுத்து ஷிப்டு முடிந்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு பூட்ஸைக் கழற்றியவர் இன்னொன்றை மறந்துவிட்டார். சமையலறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“என்னட்டி இது, செவப்பா? முறமா?”

“ஹார்ட்டும்மா. வீட்ல ரொம்பப் பிடிச்சவங்களுக்கு. உள்ள கல்யாணம் இருக்கு.”

“யார் கல்யாணம்?”

“மாமா கல்யாணம். நீ முடிச்சுப் போடுற. அப்பா ரயில் போட்டிருக்காங்க, நாம மூணு பேரும் போறோம்.”

இசக்கிமுத்து கையிலிருந்த பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தொறந்து காட்டு.”

“தொறக்காது. நான் ஒட்டிட்டேன்.”

அலமாரி திறக்கிற சத்தம். அரிவாள்மனை தரையில் உராய்கிற சத்தம். வளையல் குலுங்கியது. அட்டையில் எதுவோ ‘கிர்’ என்று ஓடியது. மூச்சு வாங்கிக்கொண்டு சுப்புலட்சுமி கூப்பிட்டாள்.

“சந்திரா, உங்க அப்பாட்ட கேளு, இதை...”

ஆட்டின் ஆஸைத் திருப்பிக் கொடுக்கச் சந்திரா சிங்காரவேல் வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தாள்.

“சந்திரா!”

பக்கத்து வீட்டில் அவள் யாரிடமோ சிரிப்பது கேட்டது.

சுப்புலட்சுமி வாசலுக்கு வந்தாள். நிலைப்படியில் நின்றாள். தெருவைப் பார்த்தாள், முருங்கை மரத்தைப் பார்த்தாள், கடைசியில் படியில் ஒற்றை பூட்ஸோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். கையிலிருந்த சிவப்பில், கீழ்நுனி மட்டும் ஒரு கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அதற்குமேல் அரிவாள்மனைக்கும் அது மசியவில்லை. பிளந்த ஒரு உதட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“அந்தப் பக்கம் பிடிங்க.”

இது திறக்காது என்று இசக்கிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். நல்ல ஜாயிண்ட் என்று இந்த முறை சொல்லவில்லை. பூட்ஸைக் கீழே போட்டுவிட்டு எழுந்து மறுபக்கத்தைப் பிடித்தார். சுப்புலட்சுமி புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகி, ஒரு காலை முன்னால் ஊன்றிப் பின்பக்கமாகச் சாய்ந்தாள்.