வாடியின் நான்கு கால்கள்

"...கூரை போனாப் போகட்டும், அந்த நாலு காலையும் பிடுங்காதை பிள்ளை. கால் நிண்டாத்தான் ஆள் வரும்" என்று அம்மா குசினி யன்னலுக்குள்ளால் சொன்னபோது, நான் பென்டில் ஹில் வீட்டுப் பின்வளவில் மண்வெட்டியோடு நின்றேன். தம்பி எங்களோடு இருந்த காலத்தில் தன் கையாலேயே போட்ட தகரக் கொட்டில் அது. அவன் வேலை மாறி, பெண்சாதி பிள்ளைகளோடு மெல்பேர்ணில் மல்கிரேவுக்குப் போனபின் அதன் கீழே யாரும் இருப்பதில்லை. போன கிழமை அடித்த காற்று தகரத்தையும் கழற்றிப் போட்டுவிட்டது.

அந்தச் சொல்லை நான் கடைசியாகக் கேட்டது முல்லைத்தீவுக் கடற்கரையில், ஒன்பது பத்து வயதில். மன்னாரில் எங்களுக்கு வருசத்தைப் பிரித்துத் தந்தது காற்றுத்தான். நத்தாரும் தவசு காலமும் ஊரில். பாஸ்குத் திருநாள் முடிந்து, தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பி எங்கள் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால், வலை, சட்டி பானை, அந்தோனியார் சுரூபம், நாங்கள், எல்லாம் ஒரே லொறியில் கிழக்குக் கரைக்கு. "காத்தோடை கதைக்கிறவனுக்குக் கலண்டர் என்னத்துக்கு?" என்பார் ஐயா. அங்கே மணலில் நாலு கால் நட்டுத் தென்னோலைக் கிடுகால் மேய்ந்த குடிலுக்குப் பெயர் "வாடி". பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போய்த் திரிவதும், காயும் கருவாட்டுக்குக் காகம் கலைப்பதும் எங்கள் வேலை. வாடைக்காற்றின் முதல் மழை மணத்ததும் கிடுகைக் கழற்றிக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவோம், நாலு காலை மட்டும் விட்டுவிட்டு. அடுத்த வருசமும் அந்த இடம் எங்களுக்குத்தான் என்பதற்கு அதுவே சாட்சி. பிறத்தியாரின் காலை விறகுக்குக்கூட ஒருவரும் தொடமாட்டார்கள்.

பக்கத்து வாடிக்கு யாழ்ப்பாணக் கரையிலிருந்து பிலோமினா மாமி வருவார். ஊரில், மாமியார் வீட்டில் வாயே திறக்காத அம்மா அங்கேதான் சத்தமாகச் சிரிப்பார். "எடியே, உன்ரை சிரிப்புக்கு மீன் வெருண்டு ஓடுதெண்டு என்ரை மனுசன் பேசுறார்" என்று மாமி சொல்ல, அம்மாவுக்கு இன்னும் கூடச் சிரிப்பு வரும்.

ஒரு சோளகத்துக்கு அவர்கள் வரவில்லை. கால்கள் மட்டும் நின்றன. ஏனென்று சொல்ல ஒருவருமில்லை. காற்று கொண்டுவரும் என்ற நம்பிக்கையில் விலாசம் கேட்டு வைக்கும் வழக்கமும் இல்லை. "கால் நிண்டாத்தான் ஆள் வரும்" என்று சொல்லிக்கொண்டு, அம்மா நாள்தோறும் விடிந்ததும் எங்கள் வாடியைக் கூட்டிய கையோடு, கூரையில்லாத அந்த நாலு காலுக்கு நடுவிலும் கூட்டுவார். இரவுக் காற்று மறுபடி மணலைக் கொண்டுவந்து கொட்டும். "மணலைக் கூட்டுறாய், அப்பிடியே கடலையும் துடைச்சு விடு" என்று ஐயா பகிடி பண்ணினார். பிறகு அதையும் நிறுத்திக்கொண்டார். நான் காகத்தை மறந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பருவம் முழுக்க எங்கள் வாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அடுத்த வருசம் சண்டை வந்து எங்களாலும் போக முடியாமல் போயிற்று. எங்கள் கால்களுக்கு நடுவே யார் கூட்டினார்களோ.

வாடி நின்ற இடத்தில் இப்போது சவுக்கு வளர்ந்திருக்கிறதாம். இங்கே சோளகமும் இல்லை, வாடையும் இல்லை. காற்று எந்தப் பக்கத்தால் வந்தாலும் நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். "இந்த லீவுக்குக் கட்டாயம் வாறம் அம்மா" என்று தம்பி சொல்லியிருந்தான். நேற்று போன் எடுத்து, "சின்னவனுக்கு நீச்சல் கிளாஸ், அடுத்த லீவுக்குப் பாப்பம்" என்றான். போன லீவுக்கும் இப்படித்தான்.

"பிலோமினா மாமி வரேல்லைத்தானே அம்மா?" என்று கேட்க வாயெடுத்தேன். மண்வெட்டியை மதிலில் சாத்தினேன். அம்மா குசினிக் கதவைத் திறந்து, தும்புத்தடியோடு மெல்லப் படியிறங்கி வந்து, நாலு காலுக்கும் நடுவில் கிடந்த யூகலிப்டஸ் சருகுகளைக் கூட்டத் தொடங்கினார்.