சிக்னல் நல்லா இருக்குங்க

கம்பியில்லா இணையம் என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே மூன்று விதமான கம்பி இருந்தது. மின்சாரத்துக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று, கூரையில் நடும் ஏரியலுக்கு ஒன்று. எதுதான் இல்லை என்று இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். இணையம் இல்லை.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. நான் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், அப்பா ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற அதே லயத்து வரிசை வீட்டில் அவரோடு இருந்தேன். புதிய சேவையை ஆறு வாரம் இலவசமாகப் பாவித்துப் பார்க்க டவுனில் ஆள் சேர்த்தார்கள். ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன்.

காரணம் தங்கச்சி. அவள் குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை போன் வரும். "நல்லா இருக்கேன்ப்பா" என்பாள், அதற்குள் கார்ட் தீர்ந்துவிடும். அந்த வீட்டு மூத்த மகள் இரக்கப்பட்டு, வெள்ளிக்கிழமை எல்லோரும் வெளியே போகிற நேரத்தில், தன் கணினியில் அரை மணி நேரம் முகம் பார்த்துப் பேசச் சொல்லியிருந்தாள். நமக்கு அது பின்னேரம் இரண்டரை மணி. ஆறு வாரத்துக்கு ஆறு வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு மகள் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, என் பழைய லேப்டொப் முன்னால் உட்கார்ந்தார். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அரை மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்ச் சட்டையை மடித்து வைத்தார்.

உதவி வேண்டுமானால் அழைக்க ஓர் எண் தந்திருந்தார்கள். தமிழுக்கு இரண்டை அழுத்தினேன். நாதஸ்வரம் ஒலித்தது, பிறகு ஒரு பெண் சிங்களத்தில் வணக்கம் சொன்னாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். பெட்டியை நகரத்தைப் பார்த்த ஜன்னலில் வைக்கச் சொன்னாள். எங்கள் லயத்துக் காம்பராவில் இருப்பது ஒரே ஜன்னல். அது அடுத்த லயத்தின் கக்கூஸ் சுவரைப் பார்த்து இருக்கிறது. கட்டிய வெள்ளைக்காரத் துரை எங்களுக்கு இணையம் வரும் என்று யோசிக்கவில்லை, பாவம். அதைச் சொன்னேன். பெட்டியை அணைத்து மறுபடி போடச் சொன்னாள்.

பிறகு பெட்டியையும் நீளமான வயர்ச் சுருளையும் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடிப் புறப்பட்டேன். கூரைத் தகரத்தில் வைத்தேன். கொய்யா மரத்தில் கட்டினேன். மாரியம்மன் கோயில் மதிலில் வைத்தபோது விளக்கு ஒரு நிமிடம் செம்மஞ்சளாகி, பூசாரி வந்ததும் அணைந்தது. லயமே வேடிக்கை பார்த்தது. 'சேர்' பேய் பிடிக்கிறார் என்று என் மாணவர்களே பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் கம்பனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்தில் டை, கையில் படிவம். சிக்னல் மோசமான வீடுகளுக்குப் பெரிய ஏரியல் பூட்டத்தான் இந்தச் சுற்று. எனக்கு அப்போது அது தெரியாது. நான் பாடசாலையில் இருந்தேன். அப்பாதான் வரவேற்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். நாற்பது வருடம் அங்கே நின்றவர் அப்பா. காகிதத்தோடு நிற்கிற எவர் கேட்டாலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வார். கூரை பன்னிரண்டு வருடம் ஒழுகியபோதும் துரையிடம் அதைத்தான் சொன்னார்.

"எப்பிடி ஐயா, பிரச்சினை ஒண்டும் இல்லையோ?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"ஒரு கொறையும் இல்லீங்க. நல்லா இருக்குங்க."

தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து, படிவத்தில் கையெழுத்தும் போட்டு வழியனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கத்தினேன். வீடு தேடி வந்த மனுசனிடம் குறை சொல்வார்களா என்று அப்பா என்னைத்தான் திட்டினார். கொழும்புக்குப் போன் போட்டால், உங்கள் வீட்டில் சிக்னல் நன்று என்று பதிவாகியிருக்கிறதே என்றாள் அந்தப் பெண். பெரிய ஏரியல் பூனாகலைப் பக்கம் போய்விட்டதாம்.

ஐந்தாவது வாரம் நானே இடத்தைக் கண்டுபிடித்தேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவம். நகரத்தைப் பார்த்த சரிவில் இருந்தது, மத்தியான நிறுவை முடிந்து ஆளில்லாமல் கிடந்தது. பக்கத்து லயத்திலிருந்து வயர் இழுத்து, தராசு தொங்குகிற கொக்கியில் பெட்டியை மாட்டினேன். பச்சை விளக்கு வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு அப்பா வெள்ளைச் சட்டையோடு ஒரு பலகையில் உட்கார்ந்தார்.

படம் வந்தது. தங்கச்சிதான். மெலிந்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கி ஆட்டினாள். அப்படியே படம் நின்றுபோனது. குரலும் போனது. நான் கம்பனியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டே வயரை ஆட்டிப் பார்த்தேன்.

"சும்மா இரு," என்றார் அப்பா. "அது என்னா?"

தூக்கிய கையிலிருந்து சட்டைக் கை நழுவியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே, முக்கோணமாக, தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. படம் தெளிவில்லை, நிழலாக இருக்கும் என்றேன். நானும் அவர் மகன்தானே.

"நாப்பது வருசம் ஆளுங்க கையப் பாத்தவன்டா நானு."

படம் போகவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் எங்கேயும் நிலைக்காத சனியன், அன்று பார்த்துப் பத்து நிமிடம் அப்படியே நின்றது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பொழுது சாய அவளே போன் எடுத்தாள். படம் நின்றது அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். நல்லா இருக்கேன்ப்பா என்றுதான் தொடங்கினாள்.

"பெரட்டுல சொல்ற மாதிரி எங்கிட்ட சொல்லாத," என்றார் அப்பா. "கையில என்னா?"

அவள் அழுதாள். அழுகையோடே சொன்னாள். உடுப்பொன்று கருகிப்போனதற்கு வீட்டுக்காரி சூட்டோடு ஸ்திரிக்கைப்பெட்டியை வைத்து அழுத்தியிருக்கிறாள். நடந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் மாதா மாதம் நல்லா இருந்திருக்கிறாள்.

"வந்துரும்மா. கூரை ஒழுகுது. எனக்கு மூச்சு எளைக்குது. ராவுல தூக்கமில்ல. வந்துரு." அப்பா குறை சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவள் வந்துசேர மேலும் ஐந்து மாதம் பிடித்தது.

ஆறாவது வாரம் முடிந்து பெட்டியைத் திருப்பி எடுக்க அதே அதிகாரி வந்தார். சேவை எப்படி இருந்தது என்று அப்பாவிடம் கேட்டார்.

"நல்லா இல்லீங்க ஐயா," என்றார் அப்பா. துண்டு தோளிலேயே கிடந்தது. "ஒரே ஒரு தடவ எம்புள்ள மொகம் வந்துச்சு. வந்ததும் நின்னு போச்சு. அப்பிடியே எழுதுங்க."

அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கட்டங்கள்தான் இருந்தன. மிக நன்று, நன்று, திருப்தி.

"இதிலை அதுக்கு இடம் இல்லை ஐயா," என்று சங்கடத்தோடு சொல்லி, 'திருப்தி'யில் சரி போட்டுவிட்டு, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார்.

வாழ்நாளில் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட மனிதர், அந்தப் பேனாவை வாங்கி, மூடியைத் திருகி, அதிகாரியின் சட்டைப்பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார்.