தகவலாளி செல்விக்குப் பிள்ளை இல்லை

என் முதுகலை ஆய்வறிக்கையில் 'செல்வி' என்ற புனைபெயரில் தகவல் தரும் பெண் என் அம்மா. பெற்றவளை யாரோ ஒருத்தி என்று எழுதித் தேறியவன் நான். அதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு... அதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

நீங்கள் என்னை வெறுக்கலாம். முழுக்கக் கேட்டுவிட்டு வெறுங்கள்!

தாம்பரத்தைத் தாண்டி ஒரு கல்லூரியில் மானிடவியலும் வளர்ச்சி ஆய்வுகளும் படித்தேன். இரண்டாம் ஆண்டில் களப்பணி கட்டாயம். முன்பின் அறியாத மக்களிடம் போய், மூன்று மாதம் பழகி, அவர்கள் வாழ்க்கையை எழுத வேண்டும். சொந்த வீடு களமாகக் கூடாது. விதி தெளிவாகத்தான் இருந்தது.

வீட்டிலிருந்தே தோல் வேலை செய்யும் பெண்கள் என்று தலைப்பு எடுத்தேன். பல்லாவரத்தில் ஒரு தெருவுக்கு நான்கு முறை போனேன். "இன்னா தம்பி, கணக்கெடுக்க வந்தியா? போன தபா வந்தவனும் எழுதிகினுதான் போனான். இன்னா ஆச்சு?" என்று கேட்டு ஒரு அக்கா கதவைச் சாத்தினார். ஐந்தாம் முறை நான் போகவில்லை. சோம்பலா, அச்சமா? இரண்டும்தான்... கூடவே ரோஷம்.

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டிலேயே அம்மா அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். ஷூவின் மேல்தோலைத் தைத்துக் கொடுப்பாள். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்த வேலைதான். அவள் தைத்தபடி பேசுவதை செல்போனில் பதிந்தேன். ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது, விரல் மரத்துப்போவது, முதுகுவலி... மகனிடம்தானே என்று எல்லாம் பேசினாள். ஒரே வாரத்தில் மூன்று மாதக் களப்பணி முடிந்தது!

அவள் வேலை என் வகுப்பில் யாருக்கும் தெரியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் நடுவில் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் மாட்டிக்கொள்ளவும் வழியில்லை என்று நினைத்தேன்.

என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியை செல்வியைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்து நெகிழ்ந்துபோனார். "இவ்ளோ மனசு விட்டு எப்படிப்பா பேசினாங்க? செல்வியை நான் பார்க்கணும். சனிக்கிழமை கூட்டிட்டுப் போ," என்றார்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கக் கூடாதா!

"மாட்னா பெயிலாக்கிடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்துபோய்ச் சுவரில் இருந்த என் பள்ளிக்கூடப் படத்தைக் கழற்றினாள். அந்த ஆணியில் காலண்டரை மாட்டினாள். கொடியில் காய்ந்த என் சட்டைகளை உருவி அரிசி டிரம்முக்குப் பின்னால் திணித்தாள். எனக்குத் தோன்றாததெல்லாம் அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை வந்தது. "வாங்க மேடம்," என்று பேராசிரியையை வரவேற்றவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா சார், வெளியவே நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க."

சார்! என்னைப் பெற்றவள் வாயிலிருந்து... நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "பரவால்லக்கா," என்றேன்.

பேராசிரியை பாயில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கூலி, முதலாளி, கண்பார்வை. பிறகு, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்றார்.

ஒரு பையன், வெளியூரில் வேலை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல நான் சொல்லித் தரவில்லை. இந்தக் கேள்வி வரும் என்றே நான் யோசிக்கவில்லை. அம்மா ஊசியைத் தோலில் குத்தி இழுத்தாள்.

"இல்ல மேடம். பொறக்கல."

"குறிச்சுக்கோ," என்றார் பேராசிரியை என்னிடம்.

குறித்துக்கொண்டேன்! 'பிள்ளை இல்லை' என்று, அவள் கண்முன்னால், என் கையெழுத்தில். கை நடுங்கியது என்று உங்களிடம் பொய் சொல்ல ஆசையாக இருக்கிறது... நடுங்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் பேராசிரியை சொன்னார்: "பிள்ளை இல்லாதவங்களுக்கு வயசான காலத்துல யாரு இருக்கா? இதை விரிவா எழுது." எழுதினேன். முதுமையில் செல்வியைத் தாங்க ஒருவரும் இல்லை என்று ஆறு பக்கம் நிறுவினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

பட்டமளிப்பு விழாவுக்குப் பெற்றோருக்கென்று அழைப்பிதழ் கொடுத்தார்கள். அதை அம்மாவிடம் நீட்டினேன். என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அதைத் தொடவில்லை.

"நா வர்ல கண்ணு. அந்த மேடம் இருப்பாங்க இல்ல? என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியும். நீ போயி நல்லபடியா வாங்கினு வா."

வா அம்மா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு பேச்சுக்காவது வற்புறுத்தியிருக்க வேண்டாமா? அந்த நொடியில் எனக்கு வந்தது அழுகை அல்ல... நிம்மதி! அப்பாடா என்று இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் இன்றைக்கும் சொல்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"நா வர்லன்னதும் புள்ள மூஞ்சியே செத்துப்போச்சு. தலைய தொங்கப் போட்டுகினு அப்டியே நின்னுட்டான். அவ்ளோ பாசம் எம்மேல."